ஜெபக் குறிப்பில் அச்சான எண்

படாளம்,
10-2-2008

அன்புள்ள ரூத் பாப்பாவுக்கு,

மாமா ஏசுதாஸ் எழுதுவது. ஸ்தோத்திரம். இங்கே உன் அம்மா, நான், இரண்டு ஆடு, எல்லாரும் சுகம். மஸ்கட் வெயிலில் நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கேமரா வந்து சேர்ந்தது. கூரியர்க்காரன் என் இடது காதுக்குள் வாயை வைத்து, "இன்னா பெருசு, உள்ள குண்டு கிண்டு கீதா?" என்று கத்தினான். "குவாரில வெடி போட்டே இருபத்தாறு வருஷம் சாப்புட்டவன்டா நானு. எனக்கே குண்டு அனுப்புவாங்களா?" என்றேன். ஆள் நடுங்கிப் போய்விட்டான். கையெழுத்துக்கூட வாங்காமல் ஓடினான் என்று வைத்துக்கொள்ளேன்.

மாட்டுவதற்கு செங்கல்பட்டிலிருந்து ஜெபசிங் வந்தான். பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறானே, நம் சபைப் பையன், அவன்தான். அவன் வயரைக் கொண்டுவந்தான், மூளை என்னுடையது. எங்கே மாட்டினால் கட்டில், கதவு, ஜன்னல் மூன்றும் தெரியும் என்று நான்தான் கோடு போட்டுக் கொடுத்தேன். அணுபுரத்திலிருந்து ஒரு பெரிய அணு விஞ்ஞானி இந்த வழியாகப் போனவர் காரை நிறுத்தி இறங்கி வந்து பார்த்துவிட்டு, "எங்க பிளாண்டுலயே இப்படி ஒரு சாமான் கிடையாது" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். கலெக்டர் வீட்டில்கூட இல்லையாம். மாவட்டத்திலேயே முதல் கேமரா நம்முடையதுதான்.

ஜெபசிங் ஒன்று கேட்டான்: "மாமா, இது பொட்டிலயே வந்த நம்பரு. அட்மின், 1234. மாத்திடலாமா?" நான் விடவில்லை. "ரூத்து இன்னா எழுதி அனுப்பிச்சோ அதான் இருக்கணும். கைய வெக்காத" என்றேன். ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் நீ எழுதியதில் ஒரு புள்ளி மாற விடமாட்டேன்.

பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் காலும் போன இந்தப் பதினான்கு மாதத்தில் அக்கா முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நீ அங்கிருந்து திருப்பியதில் கேமரா அவள் பக்கம் மெல்ல அசைந்ததும் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். அதிலிருந்து உன் குரல் வந்தது என்று, அக்காவைக் குளிப்பாட்ட வரும் எல்லம்மாள் சொன்னாள். எனக்குத்தான் கேட்கவில்லை. போனிலும் எனக்குக் கொய்ங் என்ற சத்தம்தான் வருகிறது. அதனால் எனக்கு நீ பழையபடி தபாலிலேயே எழுது. அக்கா நேற்று மூன்று இட்லி சாப்பிட்டு, கட்டிலைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன், படாளம் ஏசுதாஸ்


மஸ்கட்,
24-2-2008

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிரித்து முடித்த பிறகு இதை எழுதுகிறேன்.

அம்மா வாசல்வரை நடக்கவில்லை. நீங்கள் சொன்ன அந்த நாள் முழுக்க நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று இட்லியும் இல்லை, ஒன்றரை. மீதியை நீங்கள் சாப்பிட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இதற்காகத்தான் கேமரா அனுப்பினேன். போன வருஷம் முழுக்க நீங்கள் எழுதிய கடிதங்களில் அம்மா நடந்தார், பாடினார், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனார். அதை நம்பிக்கொண்டே நான் இங்கே வார்டில் மற்றவர்களின் அம்மாக்களைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போன தோழி பார்த்துவிட்டு வந்து சொன்னபோதுதான் எனக்கு உண்மை தெரிந்தது. நீங்கள் பொய்யர் என்று சொல்லவில்லை. எனக்குக் கஷ்டம் தரக்கூடாது என்று எழுதுகிறீர்கள். ஆனால் எனக்கு அம்மாவைத் தெரிய வேண்டும்.

இரண்டு விஷயம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே பக்கம் கிடந்தால் முதுகுக்குக் கீழே புண் வரும், வந்தால் ஆறாது. இன்னொன்று, காலையில் எல்லம்மா அக்கா குளிப்பாட்டும்போது கேமராமேல் ஒரு துண்டைப் போட்டுவிடச் சொல்லுங்கள். நான் பார்ப்பதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கும்.

கேமராவின் முகத்தை வேட்டியால் துடைக்காதீர்கள். நேற்று உங்கள் இடுப்பு மட்டும் அரைமணி நேரம் தெரிந்தது.

ரூத்


படாளம்,
15-3-2008

என் செல்ல ரூத் பாப்பாவுக்கு,

ஒன்றரை இட்லிக் கணக்கு சரிதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இட்லியின் அளவை நீ பார்த்திருக்க வேண்டும், ஒவ்வொன்றும் சாதாரண இட்லி இரண்டுக்குச் சமம்.

இங்கே ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறேன். சபையில் மாதம் ஒருமுறை ஜெபக் குறிப்பு அச்சடித்துக் கொடுப்பார்களே, யார் வீட்டில் யாருக்கு என்ன வியாதி, யார் பிள்ளைக்குப் பரீட்சை என்று, முந்நூறு வீட்டுக்குப் போகுமே, அதில் இந்த மாதம் முதல் குறிப்பே நம்முடையது. நானே வாசகம் எழுதினேன்: "படாளம் சகோதரி சந்திரம்மா சுகம்பெற ஜெபியுங்கள். கம்ப்யூட்டர் உள்ளவர்கள் கீழ்க்கண்ட விலாசத்தில் சகோதரியை நேரில் கண்டு ஜெபிக்கலாம். பெயர் அட்மின், எண் 1234." பாஸ்டர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முகம் தெரியாமல் ஜெபிப்பது வேறு, முகம் பார்த்து ஜெபிப்பது வேறு, இல்லையா? சிறுசேரியில் வேலை செய்யும் நம் சபைப் பிள்ளைகள் அந்தத் தாளைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டார்களாம். மதுரை, மலேசியா, எங்கெங்கிருந்தோ அக்காவைப் பார்க்கிறார்கள். இந்தத் தாலுகாவில் இத்தனை பேர் பார்த்த பெண்பிள்ளை வேறு யாரும் கிடையாது.

ஆனால் நீயும் கொஞ்சம் வேலையைப் பார், பாப்பா. நாள் பூராவும் அந்தக் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கிறாய். கட்டில், கதவு, கட்டில், கதவு. மோட்டார் தேய்ந்துவிடும் என்று நேற்று இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டேன். குளிக்கும் நேரத்தில் துண்டு போடச் சொன்னாய், எல்லம்மாளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் போட்டாள். பிறகு, "ரூத்து பொண்ணு தானே பாக்குது, அதுவும் நர்சு. இன்னா ஆயிடப் போவுது?" என்று விட்டுவிட்டாள்.

எல்லம்மாள் இன்னொரு வேடிக்கை சொல்கிறாள். "அண்ணாத்த, பொட்டி நாள் பூரா பேசிகினு கீது. ஆம்பள கொரலு. அக்கா பேர சொல்லிச் சொல்லிக் கூப்புடுது" என்றாள். "ஜெபம் பண்றாங்கடி, முட்டாளு" என்றேன்.

அக்கா பற்றி ஒன்று. எப்போதும் கண்ணை மூடியே இருக்கிறாள். சோறு ஊட்டினாலும் திறப்பதில்லை. ஆனால் கரண்ட் போகிற இரண்டு மணி நேரம் மட்டும் கண்ணைத் திறந்து, வாயைத் திறந்து, வேண்டிய மட்டும் சாப்பிடுகிறாள். விசிறிக் காற்றுதான் அவளுக்குப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறேன். டாக்டருக்குக்கூட இது தெரியாது.

இப்படிக்கு,
ஜெபத்தோடும் பெருமையோடும்,
மாமா


மஸ்கட்,
29-3-2008

மாமா,

இதை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

நான் கேமராவைத் திருப்பவில்லை. இம்மாதம் பன்னிரண்டாம் தேதியிலிருந்து என்னால் உள்ளேயே போக முடியவில்லை. 1234 என்று அடித்தால் தவறான எண் என்று வருகிறது. யாரோ எண்ணை மாற்றி என்னையே வெளியே நிறுத்திவிட்டார்கள். லைன் கோளாறு என்று நினைத்து ஜெபசிங் தம்பிக்குச் சொல்லிவிட்டு இரண்டு வாரம் சும்மா இருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது.

அன்றே போன் செய்தேன். நீங்கள் எடுத்து, "நல்லாகீறோம், மாங்கா காச்சிருக்கு, வெச்சுடு" என்று கத்திவிட்டு வைத்துவிட்டீர்கள். மூன்று நாள் இப்படி. நாலாவது நாள் எல்லம்மா அக்கா எடுத்தார். அவரிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஜெபம்னு மாமா சொல்லிச்சு. ஜெபம் மாதிரி இல்ல பாப்பா. ரெண்டு மூணு பேரு சிரிக்கிறாங்க. 'சந்திரம்மா, கண்ண தொற. சந்திரம்மா, இந்தப் பக்கம் திரும்பு'ன்றாங்க. நான் பொடவை அவுத்தாக்கா விசில் அடிக்கிறாங்க. பக்கத்து வூட்டு ரேடியோன்னு நெனச்சேன். உன் கொரலும் கொஞ்ச நாளா வரல. அக்கா என் கைய இறுக்கிப் புடிச்சிக்கும், விடாது."

வயரைப் பிடுங்கச் சொன்னேன். போனைக் கையில் வைத்துக்கொண்டே பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது என்றார்.

மாமா, கரண்ட் போனால் அம்மா சாப்பிடுவது விசிறிக்காக இல்லை. அப்போதுதான் அந்தப் பெட்டி செத்துக் கிடக்கும். அம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது. வாயில்லாததால் சொல்ல முடியவில்லை. அறையிலேயே உட்கார்ந்திருந்த உங்களுக்குக் கேட்கவில்லை. நானோ பூட்டிய கதவுக்கு வெளியே நின்றேன்.

உங்களைத் திட்டத்தான் ஆரம்பித்தேன். ஆனால் இங்கே என்னோடு வேலை செய்யும் பெண்ணின் கணவர் கம்ப்யூட்டர்காரர். அவர் சொன்னார், பெட்டியோடு வந்த எண்ணை மாற்றாமல் விட்ட கேமராக்களைத் தேடிப் பிடிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். ஜெபக் குறிப்பு இல்லாவிட்டாலும் ஒருநாள் வந்திருப்பார்கள். நீங்கள் அவர்கள் கையில் அம்மாவின் பெயரைக் கொடுத்தீர்கள். எண்ணை மாற்றாமல் விட்டது நான். இரவுப் பணி முடிந்து தூக்கத்தில், பிறகு மாற்றலாம் என்று விட்டேன்.

அந்தப் படங்களை எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் டீ போடப் போய்விட்டார்.

கேமராவைத் தொடாதீர்கள். யார் சொன்னாலும் மறுபடி செருகாதீர்கள். அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள், எனக்காகவும்.

ரூத்


படாளம்,
12-4-2008

ரூத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன்.

எனக்கு முன்பே சந்தேகம் இருந்தது. வேவு பார்க்கத்தான் பேசாமல் விட்டு வைத்திருந்தேன். குவாரியில் வெடிக்காத குண்டைக் கிட்டே போய்ப் பார்க்கமாட்டோம், தூரத்தில் நின்று காத்திருப்போம், அந்த மாதிரி. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். "உங்கள மாதிரி விவரம் தெரிஞ்ச ஆளுங்க இருந்தாக்கா நாங்க இன்னாத்துக்கு?" என்றார். அமெரிக்காவரைக்கும் தந்தி போகிறது. இன்னும் ஒரு வாரத்தில் பிடித்துவிடுவார்கள்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: வாசலில் இருந்த போலீஸ்காரர், "கேமராவ வெச்சவன் யாரு? நீ. நம்பர அச்சடிச்சவன் யாரு? நீ. அப்ப யாரு மேல கம்ப்ளைண்டு?" என்று என் காதில் கத்தினார். ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது.

அந்தக் கோபத்தில் வந்தேன். நீ தொடாதே என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் என் கையில்தான் இருந்தது. ஆனாலும் பாப்பா, என் அக்காவைப் பார்த்து விசில் அடித்தவனை நாலு வார்த்தை கேட்காமல் நான் எப்படி ஆம்பிளை? காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, வயரைச் செருகினேன். பச்சை விளக்கு வந்தது. கட்டிலுக்கும் கேமராவுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "யார்றா நீ? பேமானி! தகிரியம் இருந்தாக்கா நேர்ல வாடா படாளத்துக்கு!" என்று ஆரம்பித்தேன். அரைமணி நேரம் பேசினேன். கேட்டவன் எவனாயிருந்தாலும் அன்று ஜுரத்தில் படுத்திருப்பான். என்ன பதில் சொன்னான் என்று மட்டும் எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

எல்லம்மாள் தண்ணீர் வாளியோடு உள்ளே வந்ததை நான் கவனிக்கவில்லை. முதுகுப்பக்கம் நின்றிருக்கிறாள். திரும்பியபோது வாளியை அப்படியே கீழே வைத்தாள். பச்சை விளக்கைப் பார்த்தாள். கேமரா அவளைப் பார்த்து மெல்லத் திரும்பியது. அது நின்றதும் என் முகத்துக்கு நேரே வந்து, கத்தாமல், நிதானமாக வாயசைத்தாள். அவள் உதட்டைப் படிக்க எனக்குத் தெரியும். "என்னயும்தான் பாத்தாங்க அண்ணாத்த. குனிஞ்சு நிமிந்தது எல்லாம். எனக்கு ரெண்டு பொண்ணு கீது" என்றாள். போய்விட்டாள்.

நான் உடனே பிடுங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அக்கா கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கேட்கச் சொன்ன மன்னிப்பைக் கேட்க வாய் வரவில்லை. "சும்மா ஒரு மிரட்டு மிரட்டினேன்க்கா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லம்மாள் வந்துவிடுவாள். கோபம் தணிய இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான்.

மாமா


மஸ்கட்,
26-4-2008

மாமா,

திட்டுவதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை.

எல்லம்மா அக்கா வரமாட்டார். நான் பேசினேன். என்மேல் கோபமில்லையாம். மூத்த பெண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், படம் எங்காவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். வராது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இங்கே மூன்று முறை லீவு கேட்டுவிட்டேன். நவம்பருக்கு முன் முடியாது என்கிறார்கள். பாஸ்போர்ட் அவர்கள் பெட்டியில் இருக்கிறது. அம்மா இறந்துவிட்டால் ஒரு வாரம் தருவார்களாம். பெரிய நர்ஸ் அதை அன்பாகத்தான் சொன்னார்.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அம்மாவை யார் குளிப்பாட்டுகிறார்கள்? யார் துணி மாற்றுகிறார்கள்? பக்கம் மாற்றுகிறீர்களா? முதுகைப் பார்த்தீர்களா? எனக்கு வேறு கண் கிடையாது. இன்ஸ்பெக்டரும் வேண்டாம், விஞ்ஞானியும் வேண்டாம். ஒரே ஒரு கடிதம், இருப்பதை இருப்பதுபோல் எழுதுங்கள்.

ரூத்


படாளம்,
10-5-2008

ரூத் பாப்பாவுக்கு,

எல்லம்மாள் போனது தெரிந்ததும் அந்த வேலைக்கு ஊரில் போட்டி. காலையிலிருந்து மூன்று பெண்கள் வரிசையில் நின்றார்கள். யாரை எடுப்பது யாரை விடுவது என்று எனக்கே பேஜாராகிவிட்டது.

இல்லை. மேலே எழுதியதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன். பேனா தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது.

ஒருத்தி வந்தாள். சபையைச் சேர்ந்தவள்தான், பெயர் வேண்டாம். வந்ததும் சுவர்க்கடிகாரத்தைக் காட்டி, "அத எடு" என்றாள். எடுத்தேன். காலண்டர் ஆணியைக் காட்டினாள், பிடுங்கினேன். பல்பைக் காட்டினாள். "பல்பு எரியறதுக்குமா, உள்ள இன்னா கீது?" என்றேன். "பொட்டிக்குள்ளயும் ஒண்ணும் இல்லன்னுதான் நெனச்சோம்" என்றாள். பல்பையும் கழற்றினேன். ஜன்னலை மூடினாள். இருட்டில் நாலு எட்டு வைத்து, கட்டில் காலில் இடித்துக்கொண்டு, மனசு ஒப்பவில்லை என்று போய்விட்டாள். கேமரா பரண்மேல் சாக்குக்குள் கிடக்கிறது என்று காட்டினேன். "அது ஒண்ணுதான்னு யாரு கண்டது?" என்றாள். இந்த ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் இப்போது அதுதான் பேச்சு. நம் வீட்டைத் தாண்டும்போது முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போகிறார்கள்.

சபையில் அடுத்த ஜெபக் குறிப்பில் அக்கா பெயர் இல்லை. பாஸ்டர் என்னைப் பார்த்தால் தூரத்திலேயே கை கூப்புகிறார்.

முகம், கை, கால் நான் துடைக்கிறேன். மற்றது எப்படி, பாப்பா? என்னைத் தூக்கி வளர்த்தவள். நான் நாலு வாரமாகத் துணியை மேலோட்டமாக மாற்றுகிறேன், கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. நாற்றம் அடிக்கிறது. ஊதுவத்தி வைத்தேன், அதோடு சேர்ந்து இன்னும் மோசம். முதுகுக்குக் கீழே போர்வையில் ஈரமாக ஒரு கறை. அது புண்ணாகத்தான் இருக்கும். நான் பார்க்கவில்லை.

பக்கம் மாற்றுகிறேன். எல்லா நேரமும் இல்லை. தூங்கிவிடுகிறேன்.

மாமா


மஸ்கட்,
20-5-2008

அன்புள்ள மாமாவுக்கு,

உண்மையை எழுதியதற்கு நன்றி. படிக்கக் கஷ்டமாக இருந்தாலும் இதுதான் எனக்கு வேண்டும்.

கூச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நீங்கள்தான் செய்ய வேண்டும், வேறு ஆள் இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற விடுங்கள், உப்பு ஒரு ஸ்பூன். பழைய மல் துணியை வெந்நீரில் போட்டுக் காய வையுங்கள். அம்மாவை வலது பக்கமாகத் திருப்பி, இடது கை மேலே இருக்கும்படி, வயிற்றுப் பக்கம் தலையணை முட்டுக் கொடுங்கள். மேலே போர்வை இருக்கட்டும், துடைக்கும் இடம் மட்டும் விலகினால் போதும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இங்கே ஆண்களும் இதைச் செய்கிறார்கள் மாமா, தினமும், யார் யாருடைய அம்மாக்களுக்கோ.

புண்ணைப் பார்த்து நிறத்தை எழுதுங்கள். சிவப்பென்றால் வீட்டிலேயே ஆற்றலாம். மஞ்சளென்றால் மருந்து வேண்டும். கறுப்பென்றால் அன்றைக்கே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள், என் கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். தொட்டால் வலிக்கிறதா என்றும் பாருங்கள். வலித்தால் சதை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். செத்த சதைக்கு வலி தெரியாது.

அடுத்ததை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஜெபசிங்கோடு பேசினேன். கேமராவின் பின்னால் ஒரு துளையில் ஊசியால் அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடுமாம். அவன் நீளமாக ஒரு புது எண் போட்டு, எனக்கு மட்டும் சொல்வான். ஐந்தே நிமிஷம் செருகினால் புண்ணை நானே பார்த்துவிடுவேன். நான் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். தொடாதீர்கள் என்று எழுதிய கையால் இதை எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அம்மாவைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வேண்டாமென்றால் வேண்டாம்.

ரூத்


படாளம்,
2-6-2008

அன்புள்ள ரூத் பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை அக்காவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பரணிலிருந்து கேமராவை எடுத்தேன். வயர் எதுவும் கிடையாது, வெறும் பெட்டி. "அஞ்சு நிமிஷம்க்கா, ரூத்து மட்டும்தான்" என்று சொல்லிக் கையில் பிடித்துக் காட்டினேன். அதைப் பார்த்ததும் இடது கையால் புடவையை அள்ளி முகத்தோடு மூடிக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் புடவை வரும், அவ்வளவு பிடி. இரண்டு நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. கேமராவைக் கொல்லையில் வைத்து வெடிக்கல் உடைக்கிற சம்மட்டியால் அடித்தேன். அவளுக்குக் கேட்கிற மாதிரிதான் அடித்தேன். ஜெபசிங் இனி வர வேண்டியதில்லை.

கிராமத்து நர்ஸம்மாவை அழைத்து வந்தேன். நல்ல பெண். குனிந்தபோது அவள் கழுத்தில் மாட்டியிருந்த கேமரா செல்போன் அக்காவின் கண்ணுக்கு நேரே ஆடியது. மறுபடி அதே பிடி. உடம்பே விறைத்துவிட்டது. நர்ஸம்மா ஒன்றும் பார்க்க முடியாமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றாள். வேன் வந்தது. நாலு ஆண்கள் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தார்கள். அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணால் என்னைக் கெஞ்சினாள். அவள் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. வேனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். தப்பா சரியா என்று தெரியவில்லை.

நேற்று நானே செய்தேன். நீ எழுதியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். தண்ணீர், உப்பு, துணி, தலையணை. கதவைச் சாத்திவிட்டு, "அக்கா, நான் தொடைக்கிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் என் தோளில் கிடந்த துண்டை இடது கையால் இழுத்து, என் கண்மேல் போட்டாள். ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள், கட்டிக்கொள் என்று. பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் புடவையை விட்டாள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு பாறையில் துளை போடக்கூட என்னால் முடியும் என்று முன்பு ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஒரு மணி நேரம் ஆனது. தண்ணீரைக் கொட்டினேன், வாளியை உதைத்தேன். என் கையைப் பிடித்து இடத்துக்கு இடம் அவள்தான் கொண்டுபோனாள்.

ஆகையால் நீ கேட்ட நிறம் எனக்குத் தெரியாது. விரலில் பட்டதை எழுதுகிறேன். முதுகெலும்பு முடியும் இடத்தில், என் உள்ளங்கை அளவு. ஓரம் தோல்மாதிரி கெட்டியாக இருக்கிறது. நடுவில் குழி, என் விரலின் முதல் கணு போகிறது. உப்புத் தண்ணீர்த் துணியை அதில் வைத்து ஒற்றினேன். அவள் கை அப்போது என் மணிக்கட்டின்மேல் இருந்தது. வலித்திருந்தால் இறுக்கியிருப்பாள்.

இறுக்கினாள், துடித்தாள், என் கையைத் தட்டிவிட்டாள் என்று எழுதத்தான் பாப்பா இந்தப் பேனாவை எடுத்தேன்.

அக்கா இறுக்கவில்லை. மறுபடி வைத்துப் பார்த்தேன். அப்போதும் இறுக்கவில்லை.

ஏசுதாஸ்